பின்னிணைப்புக்குப் போன பத்தி

என் மூத்தவளுக்கு,

போன வாரம் நீ ஒரு கேள்வி அனுப்பியிருந்தாய். உலகத்து நாடுகள் எல்லாம் வருஷா வருஷம் கூடிப் பருவநிலையைப் பற்றிப் பேசுகின்றனவே, அதனால் பெரியம்மா வீட்டுக்குள் வரும் கடல் தண்ணீர் ஒரு விரற்கடையாவது குறைந்திருக்கிறதா என்று. எனக்குத் தெரியவில்லை. கடல்மட்டத்தை அளப்பதையே தொழிலாக வைத்திருப்பவள் சொல்லக்கூடிய பதில் இல்லைதான், ஆனால் அதுதான் உண்மை. குறையவில்லை என்பது தெரியும். இவர்கள் கூடாமலே இருந்திருந்தால் இனிமேல் எவ்வளவு ஏறும் என்பதுதான் தெரியவில்லை. முதல் பாதியை மட்டும் சொன்னால் நீ கொடி பிடித்துக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவாய், இரண்டாம் பாதியை மட்டும் சொன்னால் அம்மா சப்பைக்கட்டு கட்டுகிறாள் என்பாய், அதனால்தான் ஒரு வாரமாக வாயைத் திறக்காமல் இருந்தேன்.

நீ சுகம்தானே, அங்கே குளிர் தொடங்கியிருக்கும், அந்தப் பாலங்களுக்கு வரைபடம் போடும் அலுவலகத்தில் இன்னமும் ஜன்னலோரத்தில்தான் உட்கார வைத்திருக்கிறார்களா? எனக்கு இந்த மாநாட்டு மண்டபத்தின் ஏசியில் தொண்டை கட்டிப்போயிருக்கிறது, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. பூமி சூடாவதைப் பற்றிப் பேச வந்தவர்கள் அத்தனை பேரும் கம்பளிச் சட்டைக்குள் ஒடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், பார்த்தால் நீ சிரிப்பாய். அப்பா வீட்டில் தனியாகச் சமாளிக்கிறார். தினமும் கூப்பிட்டு, உங்க பஞ்சாயத்து எப்பதான் முடியும், அது இருக்கட்டும், வாஷிங் மெஷின்ல வெள்ளைத் துணிக்கு எந்தப் பொத்தானை அமுக்கணும் என்று கேட்கிறார். இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் இதைக் கேட்க அவருக்கு இப்போதுதான் நேரம் வந்திருக்கிறது.

சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு மூலை மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்தத் தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார், நேற்றைய தீர்மான வரைவு. காலையில் அச்சடித்து மாலையில் குப்பைக்குப் போகிற காகிதம், வீணாக்க மனசு வரவில்லை. அதில் சில வரிகளைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பார்கள். யாரோ ஒருவருக்கு அந்த வரி பிடிக்கவில்லை என்று அர்த்தம். இரண்டு வாரமும் இங்கே நடப்பது இந்த அடைப்புக்குறிகளை ஒவ்வொன்றாகக் கழற்றும் வேலைதான். கழற்ற வேண்டுமானால் எல்லா நாடும் சரி என்று சொல்ல வேண்டும், அல்லது குறைந்தபட்சம் வேண்டாம் என்று சொல்லாமல் இருக்க வேண்டும். ஏன் ஓட்டெடுப்பு நடத்தக்கூடாது என்று நீ கேட்பாய். எப்படி ஓட்டுப் போடுவது என்பதில்தான் ஆரம்பத்திலேயே சண்டை வந்தது, அந்தச் சண்டை இன்றுவரை தீரவில்லை, அதனால் எல்லாமே ஒருமனதாக. நம் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தை நினைத்துக்கொள். மேல்மாடிக்காரன் குழாயைத் திறந்து விட்டுவிட்டுப் போகிறான், கீழ்வீட்டுக் கூரை ஒழுகுகிறது, குழாயை மூடலாமா என்று தீர்மானம் போட மேல்மாடிக்காரனின் சம்மதமும் வேண்டும். அவனும் மூடமாட்டேன் என்று ஒருநாளும் சொல்லமாட்டான். குழாயை மூடுவதன் அவசியத்தை நாங்கள் முழுமையாக உணர்ந்திருக்கிறோம், ஆனால் தீர்மானத்தின் மூன்றாவது வரி சற்று நீளமாக இருக்கிறது என்பான். இரண்டு வாரமாக இதைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்குக் கோபம் சட்டென்று வராது என்பாயே, வருகிறது.

பெரியம்மாவுக்கும் இந்தத் தாளுக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்லிவிடுகிறேன், உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. அவள் வீட்டு முன்னறையில் தையல் மெஷின்களைப் போட்டுப் பள்ளிச் சீருடை தைப்பது உனக்குத் தெரியும். பெரிய அலை நாட்களில் தண்ணீர் வாசல் வழியாக வருவதில்லை, குளியலறைச் சாக்கடை வழியாகப் பின்பக்கமாக ஏறி வருகிறது. ஒரு சாண் உயரம், ஒரு மணி நேரம், அப்புறம் வந்த வழியே இறங்கிவிடும். உப்பு மட்டும் தங்கிவிடும். கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்தாயிற்று, கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைப்பதில்லை, கதவுக் கீல் எல்லாம் துருப்பிடித்து உதிர்கிறது. கடைசியில் மெஷின்களுக்கும் துரு ஏறி, வெள்ளைச் சட்டைத் துணியில் காபிக்கறை மாதிரி புள்ளி புள்ளியாக விழ ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தில் மொத்தத் துணியையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நிவாரண அலுவலகத்துக்குப் போனாள். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசியிருக்கிறார். புயலாம்மா, வெள்ளமாம்மா, எந்தத் தேதியில நடந்தது சொல்லுங்க என்று கேட்டிருக்கிறார். தேதியெல்லாம் இல்லை, பல வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது என்றாளாம். தேதி இல்லாம ஏத்துக்க முடியாதும்மா என்றாராம். நம் பெரியம்மா சும்மா இருப்பாளா, அப்ப நீங்களே ஒரு நல்ல நாளாப் பார்த்துப் போட்டுக்குங்க சார், அன்னிக்கு மூழ்கிக்கறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். என்னிடம் சொல்லும்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அந்தக் கடற்கரையில் அலை அளக்கும் கருவியை நட்டதே எங்கள் துறைதான். கடல் ஏறுகிறது என்பதற்கு அரசாங்கத்திடம் என் கையெழுத்தோடு சான்று இருக்கிறது. அதே அரசாங்கத்தின் இன்னொரு ஜன்னலில் என் அக்காவிடம் தேதி கேட்கிறார்கள்.

அந்த அலுவலரைத் திட்டிப் பயனில்லை. அவருடைய விதி மேலே இருந்து வருகிறது. பருவநிலையால் தங்களுக்கு என்னென்ன சேதம் என்று நாடுகள் உலகத்துக்குக் கணக்குச் சொல்கிற முறை ஒன்று இங்கே தயாராகிறது, நம் ஊர் விதிகள் அதைப் பார்த்துத்தான் எழுதப்படும். புயல், வெள்ளம் மாதிரி ஒரே நாளில் வருகிற சேதத்துக்கு அதில் இடம் இருக்கிறது. உப்பு ஏறுவது, கரை தேய்வது, பனிமலை உருகுவது மாதிரி தேதி இல்லாத சேதத்தையும் அதே வரிசையில் சேர்க்க வேண்டும் என்று ஒரு பத்தி இருந்தது. நம்மைப் போன்ற சின்ன நாடுகள் சில சேர்ந்து பல வருஷம் மன்றாடி வரைவுக்குள் கொண்டுவந்த பத்தி. எங்கள் குழுவில் மொத்தமே மூன்று பேர், ஒரு தலைவர், ஒரு வக்கீல், நான். பெரிய நாடுகள் நூற்றுக்கணக்கில் வந்திருக்கிறார்கள், அறைக்கு ஆள் மாற்றி ஆள். எங்களுக்கோ ஒரே நேரத்தில் ஐந்து அறையில் கூட்டம். எந்த இரண்டைக் கைகழுவுவது என்று காலையில் முடிவு செய்துகொண்டுதான் அன்றைய பொழுதே தொடங்கும்.

எங்கள் தலைவரைத் துறையில் எல்லாரும் இஸ்திரி என்று சொல்வோம். அவர் சட்டையிலும் மடிப்பு இருக்காது, கோப்பிலும் இருக்காது. கெட்டவர் இல்லை. முதல் வாரம் அவருக்கு அந்த வரைவைப் பார்க்கவே சகிக்கவில்லை, பக்கமெல்லாம் அடைப்புக்குறி. நம்ம பத்தியைப் பின்னிணைப்புக்கு மாத்திடலாம் மேடம், முன்பக்கம் சுத்தமா இருக்கும், அதுவும் தனியா அழகா தெரியும் என்றார். நான் வேண்டாம் சார் என்பதற்குள் எழுந்து சொல்லியே விட்டார். எங்கள் அலுவலகத்தில் பின்னிணைப்புதான் உயிர், முன்பக்கத்தில் அமைச்சரின் கையெழுத்து மட்டும் இருக்கும், வேலை எல்லாம் பின்னால் இருக்கும். அதே நினைப்பில்தான் செய்தார். இங்கே பின்னிணைப்பு என்பது வீட்டின் பின்கட்டு மாதிரி, வேண்டாததை எல்லாம் அங்கே போட்டு ஒருநாள் மொத்தமாகக் கொட்டுவார்கள். அவர் காட்டிய பெருந்தன்மைக்கு அவைத்தலைவர் நன்றி சொன்னார், அறையே கைதட்டியது, இஸ்திரி முகம் மலர்ந்து வந்து உட்கார்ந்தார். இரண்டே நாளில், பெரிய நாடு ஒன்றின் ஆள், கண்ணாடியை எப்போதும் நெற்றிமேல் ஏற்றி வைத்திருப்பவர், படிப்பவர்களின் வசதிக்காகப் பின்னிணைப்பை நீக்கிவிடலாமே என்று மிக மெல்லிய குரலில் சொன்னார். எங்கள் பத்தி கெட்டது என்று சொல்லவில்லை. பத்தியைப் பற்றியே பேசவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. எதிர்க்கிறேன் என்று சொன்னால் ஏன் என்று கேட்கலாம், சுருக்கலாம் என்பவரிடம் என்ன கேட்பது?

இதற்கு நடுவில் எனக்கு ஒரு துணை கிடைத்திருக்கிறாள். நாடுகளை அகரவரிசைப்படி உட்கார வைக்கிறார்கள், அதனால் பக்கத்து நாற்காலியில் கடலே இல்லாத ஒரு மலைநாட்டுப் பெண், உன்னைவிட நாலைந்து வயது மூத்தவள் இருப்பாள். அவர்கள் ஊரில் பனிமலை உருகி ஆறு திசைமாறி வயல்கள் போகின்றன, அதற்கும் தேதி கிடையாது. உங்க கடல் ஏறுது, எங்க மலை இறங்குது, நடுவுல இவங்க காபி குடிக்கிறாங்க என்று நேற்று என் காதில் சொன்னாள். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், முன்வரிசை திரும்பிப் பார்த்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மாநாடு நேற்றோடு முடிந்திருக்க வேண்டும். எந்த வருஷமும் சொன்ன நாளில் முடிவதில்லை என்று ஊருக்கே தெரியும், ஆனாலும் எங்கள் அமைச்சகம் ஒவ்வொரு வருஷமும் சொன்ன நாளை நம்பித்தான் டிக்கெட் போடுகிறது. இஸ்திரியும் வக்கீலும் இன்று மதியம் விமானம் ஏறிவிட்டார்கள். என் டிக்கெட் மட்டும் ஏதோ குளறுபடியில் நாளை இரவுக்குப் போட்டிருந்தது. ஆக நாளை இறுதி அவையில் நம் நாட்டு நாற்காலியில் நான் ஒருத்திதான். கிளம்பும்போது இஸ்திரி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். பின்னிணைப்பு போகப் போகுது மேடம், நீங்க ஒண்ணும் பேச வேண்டாம், உட்கார்ந்திருந்தா போதும், நம்ம ஊருக்கு ஒரு பயிற்சி மையம் தர்றதா அந்தப் பெரிய நாட்டுக்காரங்க வாக்குக் குடுத்திருக்காங்க, கெடுத்துடாதீங்க என்றார். எழுத்தில் இருக்கிறதா சார் என்று கேட்டேன். எல்லாத்தையும் எழுத்துல கேட்டா உறவு என்னாவறது என்றார். இரண்டு வாரமாக ஒரு அரைப்புள்ளிக்குச் சண்டை போட்ட மண்டபத்தில் நின்றுகொண்டு இதைச் சொன்னார்!

பேசாமல் இருந்துவிட்டால் பத்தி ஒழிந்தது, இனி முதலிலிருந்து தொடங்கி வரைவுக்குள் வர இன்னும் எத்தனை வருஷமோ. பேசினால் மேலதிகாரி சொன்னதை மீறியவள், ஓய்வுக்குப் பத்து வருஷம் இருக்கும்போது துறையில் என்னை எந்த மூலைக்கு அனுப்புவார்களோ. அதைவிட, நான் பேசக்கூடியவளே இல்லை. இந்த இரண்டு வாரத்தில் ஒருமுறைகூட மைக்கைத் தொடவில்லை. எண்களை எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை, பேசுவது தலைவருடைய வேலை. அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால், என்னை நினைச்சு வேலையைக் கெடுத்துக்காதடி என்பாள்.

இந்த மாநாடெல்லாம் நாடகம், விட்டுவிட்டு வா என்று நீ எழுதியிருந்தாய். பாதி நாடகம்தான். எண்ணெய்க் கம்பெனி ஆட்கள் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் காபி வரிசையில் நிற்கிறார்கள். ஆனால் இன்னொன்றையும் பார்க்கிறேன். மேஜைமேல் இருக்கும் பெயர்ப்பலகை எல்லா நாட்டுக்கும் ஒரே அளவு. பேச வேண்டுமானால் அந்தப் பலகையை நிமிர்த்தி வைக்க வேண்டும். எவ்வளவு சின்ன நாடு நிமிர்த்தினாலும் அவைத்தலைவர் பார்க்காமல் சுத்தியலைத் தட்டித் தீர்மானம் நிறைவேறியது என்று சொல்லக்கூடாது. உலகத்தில் வேறு எந்த அறையில் நமக்கு இது உண்டு, சொல்? ஒருகாலத்தில் பூமி இவ்வளவு சூடாகும் என்று போட்ட கணக்கு இப்போது இறங்கியிருக்கிறது, போதுமான அளவு இல்லை, ஆனால் இறங்கியிருக்கிறது. அதில் இந்தக் கூட்டங்களின் பங்கு எவ்வளவு, சூரியத் தகடு மலிவானதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. ஒன்று தெரியும், இந்த அறையை மூடிவிட்டால் மேல்மாடிக்காரன் எங்கேயும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அதனால் இதை நாடகமாக்குகிறவர்கள்மேல் எனக்கு உன்னைவிட அதிகம் கோபம். நீ தெருவில் நின்று பார்க்கிறாய், நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறேன். நாளை என்ன செய்வேன் என்று எனக்கே இன்னும் தெரியவில்லை. கூடத்தைப் பெருக்க வருகிறார்கள், மிச்சத்தை நாளை எழுதுகிறேன்.

மறுநாள், விமான நிலையத்தில்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். காலையில் கூட வேண்டிய அவை மதியம்தான் கூடியது. பாதி நாற்காலிகள் காலி, சின்ன நாடுகளில் பலரும் ஊருக்குப் போய்விட்டார்கள். அவைத்தலைவர் ஒவ்வொன்றாக வாசித்து, ஆட்சேபம் உண்டா என்று கேட்டு, பார்த்தும் பார்க்காமலும் சுத்தியலைத் தட்டிக்கொண்டே போனார். எங்கள் வரைவு வந்தது. பின்னிணைப்பு நீக்கப்பட்டபடி என்று சொல்லி அவர் கை உயர்ந்தது. நான் பலகையை நிமிர்த்தினேன். அவசரத்தில் அது சரிந்து கீழே விழப் போயிற்று, பக்கத்து நாற்காலிக்காரி பிடித்து நிமிர்த்தி அப்படியே பிடித்துக்கொண்டாள். என்ன பேசினேன் என்று பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை, கட்டிய தொண்டையில் வந்ததே நாலு வாக்கியம். தேதி இல்லாத சேதத்தைப் பற்றிய பத்தி ஒன்று அந்தப் பின்னிணைப்பில் இருக்கிறது, அதை நீக்கச் சொல்கிறவர்கள் அந்தப் பத்தியில் என்ன குறை கண்டார்கள் என்று வாயால் சொல்லட்டும், சொன்னால் நாங்கள் திருத்திக்கொள்கிறோம், சொல்லாதவரை நாங்கள் சம்மதிக்கவில்லை என்றேன். இங்கே இப்படிக் கேட்பது பண்பாகாது என்று எனக்குத் தெரியும். நெற்றிக்கண்ணாடிக்காரர் மெதுவாகக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, பத்தியில் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை, நீளம் ஒன்றுதான் கவலை என்றார். உடனே நம் மலைநாட்டுக்காரி தன் பலகையை நிமிர்த்தினாள். நீளம்தான் கவலை என்றால் முதல் இரண்டு பக்கம் முழுக்க ஒருவருக்கொருவர் நன்றி சொல்லியிருக்கிறோம், அதை வெட்டிவிடலாம், நாங்கள் யாரும் வருத்தப்படமாட்டோம் என்றாள். பின்வரிசையில் ஆரம்பித்து மண்டபமே சிரித்தது. அவைத்தலைவரும் சிரித்துவிட்டு, கொஞ்ச நேரம் அவையை நிறுத்திவைத்தார்.

ஜெயித்துவிட்டோம் என்று நினைக்காதே. நடைபாதையில் பத்துப் பதினைந்து பேர் நெருக்கியடித்துக்கொண்டு நின்று பேசினோம், அவர்கள் பக்கம் ஐந்து வக்கீல்கள், எங்கள் பக்கம் நாங்கள் இரண்டு பேர். கடைசியில் பின்னிணைப்பு இருக்கட்டும் என்றார்கள், ஆனால் விரும்பும் நாடுகள் மட்டும் அப்படிக் கணக்குச் சொல்லலாம் என்று ஒரு வாசகத்தைச் செருகினார்கள். எல்லாருக்கும் கட்டாயம் என்று இருந்தது, விருப்பம் என்று ஆகிவிட்டது. வேண்டாம் என்றால் எல்லாமே அடுத்த வருஷத்துக்குப் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றேன். சுத்தியல் விழுந்தது. நம் நாடு விரும்ப வேண்டும், அவ்வளவுதான், உலகம் அனுமதிக்கவில்லை என்று இனி நம் ஊர் அலுவலகம் சொல்ல முடியாது. இத்தனை வருஷமும் இத்தனை நாடும் இவ்வளவு காகிதமும் சேர்ந்து சண்டையை எங்கள் துறையின் படிக்கட்டில் கொண்டுவந்து இறக்கியிருக்கின்றன. இஸ்திரியிடமிருந்து செய்தி வந்திருக்கிறது, வந்ததும் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டுமாம். தருகிறேன். அந்தப் பத்தியையும் சேர்த்தே தருகிறேன், முன்பக்கத்தில்.

அக்காவைக் கூப்பிட்டேன். நான் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள், சந்தோஷம்டி, வந்து பேசு, இங்க வண்டிக்காரன் கத்திக்கிட்டு நிக்கிறான் என்றாள். என்ன வண்டி என்றேன். மெஷின்களை எல்லாம் ஏற்றிவிட்டாளாம். மேட்டுத் தெருவில் மாவு மில்லுக்கு மேலே ஒரு அறை பார்த்திருக்கிறாள், ஒரு வாரத்துக்கு முன்பே பேசி முடித்து வைத்திருந்தாளாம், என்னிடம் சொன்னால் நான் மாநாட்டில் கவனம் சிதறிப் போவேன் என்று சொல்லவில்லையாம். நீ பாட்டுக்கு நல்லா சண்டை போட்டுட்டு வா, எங்க பழைய தெருவுல இன்னும் நாப்பது வீடு இருக்கு என்று சொல்லி வைத்துவிட்டாள்.

விமானத்துக்குக் கூப்பிடுகிறார்கள். பெரியம்மாவைச் சனிக்கிழமை கூப்பிட்டுப் பேசு. பாவம் பெரியம்மா என்று ஆரம்பிக்காதே, அவளுக்குப் பிடிக்காது, புது அறையில் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று கேள். குளிரில் காதை மூடிக்கொண்டு போ, சளி மருந்தை நிறுத்தாதே. கோபத்தையும் நிறுத்தாதே, அது உனக்குப் பயன்படும். எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர உனக்காக எனக்கு வேறு வேண்டுதல் இல்லை.

உன் அம்மா